இரண்டரை மணி நேரம்

மூலக்கொத்தளம் என்ற பெயரை நிறுத்திச் சொல்லிப் பார்த்தால் அதற்குள் ஒரு மதில் தெரியும். கொத்தளம் என்பது கோட்டைச் சுவரில் காவலுக்கும் பீரங்கிக்கும் ஒதுக்கிய மேடை. 1758-59இல் பிரெஞ்சுப் படை சென்னையை முற்றுகையிட்டுத் திரும்பிய பிறகு, கறுப்பர் நகரத்தைச் சுற்றி ஆங்கிலேயர்கள் பெரிய மதில் ஒன்றை எழுப்பினார்கள். மேற்கு மதிலை ஒட்டிப் போன தெருவை இன்றும் வால்டாக்ஸ் ரோடு என்கிறோம். வடக்கு மதிலின் மிச்சம் பழைய ஜெயில் ரோட்டில் மாடிப் பூங்காவாக நிற்கிறது. இரண்டும் கூடிய மூலைப் பக்கம்தான் எங்கள் பேட்டை. ஆபத்து தரை வழியாக வரும் என்று எண்ணி, கடலுக்கு முதுகு காட்டி நின்ற மூலை அது.

கிழக்கே நடந்தால் அரை மணி நேரத்தில் ராயபுரம் கடல். இருந்தும் சிறுவயதில் எங்களுக்குக் கடல் என்றால் காற்றில் வரும் கருவாட்டு வாசனை, கப்பல் ஊதும் சங்கு, கூடையில் வரும் வஞ்சிரமும் சங்கராவும். அது எழுந்து வரும் என்று யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டியவர்களுக்கே தெரியாது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. மார்கழிப் பௌர்ணமி. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். காலை ஆறரை மணி வாக்கில் கட்டில் லேசாக ஆடியது. தூக்கக் கலக்கம் என்று நினைத்தவர்கள் புரண்டு படுத்தார்கள். சிலர் தெருவில் இறங்கி, "உங்க வீட்லயும் ஆடுச்சா?" என்று கேட்டுக்கொண்டார்கள். பிறகு டீக்கடை, கறிக்கடை, கோலம். ஒன்பது மணிக்கு மேல் ராயபுரம் பக்கமிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். "கடலு உள்ள வந்துட்டுச்சு" என்ற ஒரு வாக்கியம்தான் அவர்களிடம் இருந்தது. அதைக் கேட்டவர்கள் முதலில் நம்பவில்லை.

கட்டில் ஆடியதற்கும் கடல் வந்ததற்கும் இடையில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். இருபது ஆண்டுகளாக என்னை விடாத கணக்கு இது. தரை ஆடி எச்சரித்தது. நேரமும் தாராளமாக இருந்தது. ஆட்டத்தையும் அலையையும் இணைத்துப் பார்க்கும் அறிவு மட்டும் அந்தக் காலையில் எங்களிடம் இல்லை. அந்த அறிவு எங்கே இருந்தது, எதில் சேமிக்கப்பட்டிருந்தது, ஒரு சமூகம் அதை எதற்குள் வைத்துக் காப்பாற்றுகிறது என்று தேடிப் போனபோது பாதை ஜப்பானுக்குப் போனது. போய்த் திரும்பவும் திருவொற்றியூருக்கே வந்தது.

முதலில் அந்த அலை. சுமத்ராவுக்கு மேற்கே இந்தியத் தட்டு, பர்மாத் தட்டின் கீழே மெல்லச் சொருகிக்கொண்டிருக்கிறது. சொருகும்போது மேல் தட்டின் விளிம்பு ஒட்டிக்கொண்டு, வளைத்த மூங்கில் போல இழுபட்டுக் கிடக்கும். அன்று காலை இந்திய நேரப்படி 6 மணி 29 நிமிடத்தில் அந்த ஒட்டு விட்டது. சுமத்ராவில் தொடங்கிய பிளவு அந்தமான் வரை ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிழிந்துகொண்டே போனது. சாதாரண நிலநடுக்கம் விநாடிக் கணக்கில் முடியும். இது எட்டுப் பத்து நிமிடம் நீடித்தது. ரிக்டர் என்று நாம் வழக்கமாகச் சொல்லும் அளவில் 9.1. கடல்தளம் சில மீட்டர் எழும்பியதில் அதன் மேலிருந்த தண்ணீர்த் தூண் முழுவதும் எழும்பியது.

காற்று கிளப்பும் அலையில் கடலின் மேற்பரப்புத்தான் ஆடும். சுனாமியில் தரையிலிருந்து மேல்வரை முழுக்கடலும் நகர்கிறது. அதன் வேகத்தை ஆழம் தீர்மானிக்கிறது. 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 700 கிலோமீட்டர், விமானத்துக்கு ஈடான வேகம். 10 மீட்டர் ஆழத்துக்கு வந்ததும் மணிக்கு 36 கிலோமீட்டர்தான். முன்பகுதி கரையருகே தயங்கும். பின்னால் வரும் தண்ணீர் இன்னும் ஆழத்தில் விரைந்து வந்துகொண்டிருக்கும். பின்னது முன்னதன் மேல் ஏறுவதால் உயரம் கூடுகிறது. நடுக்கடலில் அதற்கு உயரமே கிடையாது. நிலநடுக்கம் நடந்து இரண்டு மணி நேரம் ஆனபோது ஜேசன்-1 என்ற செயற்கைக்கோள் தற்செயலாக வங்கக் கடலுக்கு மேலே பறந்தது. அது அளந்த உயரம் சுமார் 60 சென்டிமீட்டர். அந்த அறுபது சென்டிமீட்டர், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்குப் பரந்து கிடந்ததால், ஆழ்கடலில் நின்ற விசைப்படகுக்கு அது அடியில் கடந்ததே தெரியாது.

இதே அனுபவத்திலிருந்துதான் ஜப்பானியச் சொல்லே பிறந்தது என்பார்கள். 'த்சு' என்றால் துறை, 'நாமி' என்றால் அலை. கடலில் எதையும் காணாத மீனவர்கள் மாலையில் திரும்பித் துறையைப் பார்த்தால் துறை இருக்காது. 1896 ஜூன் 15 அன்று ஜப்பானின் சன்ரிகு கடற்கரையில் நடந்தது அதுதான். அங்கே அன்று பிள்ளைகளுக்கான திருநாள், வீடுகளில் விருந்து. பூமி மெதுவாகத்தான் ஆடியது, யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அரைமணி நேரம் கழித்து வந்த அலை சில இடங்களில் 38 மீட்டர் உயரம்வரை மலைச்சரிவில் ஏறியது. ஏறக்குறைய 22,000 பேர் இறந்தார்கள். திருநாளும், லேசான ஆட்டமும், அலட்சியமும் ஒன்று சேர்ந்த அந்த நாளைப் படிக்கும்போது எனக்கு எங்கள் தெரு தெரிகிறது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 'கடல் உள்வாங்கினால் ஓடு' என்று நாம் இப்போது பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். அது பாதி உண்மை. தட்டு விடுபடும்போது ஒரு பக்கம் கடல்தளம் எழும்பும், மறுபக்கம் தாழும். 2004இல் தாழ்ந்த பக்கம் தாய்லாந்தைப் பார்த்திருந்தது. அங்கே முதலில் கடல் பின்வாங்கியது. எழும்பிய பக்கம் நம்மைப் பார்த்திருந்தது. அதனால் நம் கரைக்கு முதலில் வந்ததே ஏற்றம். ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையில் கடல் வெகுதூரம் உள்வாங்கிப் பாறையும் சேறும் தெரிந்தபோது வேடிக்கை பார்க்கப் போனவர்கள் பலர். நம் கரையில் நம்ப வேண்டிய அடையாளம் கடல் அல்ல, காலுக்கடியில் இருக்கும் தரைதான்.

நம் நாட்டில் இந்த அறிவு இருந்ததா? இருந்தது. அதுவும் வடசென்னையில், துறைமுகத்துக்குள்ளேயே இருந்தது. 1881 டிசம்பர் 31 அன்று கார் நிகோபார் அருகே 7.9 அளவில் ஒரு நிலநடுக்கம். வங்கக் கடலைச் சுற்றி ஆங்கிலேயர்கள் அப்போதுதான் வைத்திருந்த அலைமானிகள் பலவற்றில் அந்தச் சுனாமி பதிவானது. சென்னைத் துறைமுகத்து அலைமானியும் அவற்றில் ஒன்று. மிதவை ஏறி இறங்க, பென்சில் முனை தாளில் கோடு இழுத்துக்கொண்டே போகும் கருவி. அலை ஒரு மீட்டரைக்கூடத் தொடாததால் ஊர் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1883 ஆகஸ்டில் கிரகட்டோவா எரிமலை வெடித்தபோதும் அதே பென்சில் நடுங்கியது. அந்த 1881ஆம் ஆண்டுப் பதிவை எடுத்துக் கணக்கிட்டு, அந்தமான் நிகோபார் பிளவில் சுனாமி பிறக்க முடியும் என்று ஆர்ட்டிஸ், பில்ஹாம் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கட்டுரை வெளியிட்டார்கள். ஆண்டு 2003.

பென்சிலுக்கு நினைவிருந்தது. பேட்டைக்கு இல்லை. 

இனி ஜப்பான். அந்த நாட்டு மக்கள் பேரிடரை மதத்தோடு எப்படிச் சேர்த்துப் பார்க்கிறார்கள் என்று கேட்டால், நம் ஊரில் இரண்டு பதில்கள் உடனே வரும். அவர்கள் மதநம்பிக்கை இல்லாத அறிவியல் மக்கள் என்பது ஒன்று. எல்லாவற்றையும் நிலையாமை என்று ஏற்றுக்கொள்ளும் பௌத்தர்கள் என்பது இன்னொன்று. இரண்டுமே ஓரளவுக்குத்தான் பொருந்தும். அங்கே பெரும்பாலான குடும்பங்களில் குழந்தையை ஷிண்டோ கோவிலுக்கு எடுத்துப் போவார்கள், இறந்தவருக்குப் பௌத்தத் துறவி வந்து சூத்திரம் ஓதுவார். உங்கள் மதம் என்ன என்று கேட்டால், மதம் என்று எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டு, ஆகஸ்டில் முன்னோரை வரவேற்க விளக்கேற்றுவார்கள். ஆடி அமாவாசையை அறிந்த நமக்கு இது புரியாத செய்தி அல்ல.

பழைய ஜப்பானில் நிலம் நடுங்குவதற்கு ஒரு காரணம் சொன்னார்கள். பூமிக்கு அடியில் 'நாமசு' என்ற ராட்சதக் கெளுத்தி மீன் கிடக்கிறது. காஷிமா கோவிலின் தெய்வம் ஒரு கல்லால் அதன் தலையை அழுத்தி வைத்திருக்கிறது. தெய்வம் அசந்தால் மீன் துள்ளும். 1855இல் இன்றைய டோக்கியோவான எடோ நகரம் குலுங்கிச் சரிந்தது. அது பழைய நாட்காட்டியின் பத்தாம் மாதம். நாட்டுத் தெய்வங்கள் எல்லாம் இசுமோவில் கூடுவதற்குப் போய்விடும் மாதம். காஷிமா தெய்வமும் ஊரில் இல்லை, அதனால்தான் மீன் ஆடிவிட்டது என்றார்கள். அடுத்த சில வாரங்களில் நூற்றுக்கணக்கான வகை மரச்செதுக்குப் படங்கள் தெருவில் விற்றன. சிலவற்றில் ஊர் மக்கள் கூடி மீனை அடிக்கிறார்கள். வேறு சிலவற்றில் அதே மீன் பணக்காரர்களின் வயிற்றிலிருந்து காசைக் கக்க வைக்கிறது, தச்சரும் கொத்தனாரும் பொறுக்கிக்கொள்கிறார்கள். இடிந்த நகரத்தைத் திரும்பக் கட்டும்போது யாருக்குக் கூலி கிடைக்கும் என்பதை அந்த மக்கள் கூர்மையாகப் பார்த்திருக்கிறார்கள். புராணத்தின் உடையில் பொருளாதாரம் பேசிய படங்கள் அவை.

'ஏன் நடந்தது' என்ற கேள்விக்கு மதம் பதில் சொல்லப் புகும்போது அது ஆபத்தான இடத்துக்கும் போகும். 2011 மார்ச் 11இல் வடகிழக்கு ஜப்பானைச் சுனாமி தாக்கிய மூன்றாம் நாள், டோக்கியோ ஆளுநராக இருந்த ஷிந்தாரோ இஷிஹாரா, ஜப்பானியரின் சுயநலத்துக்கு வானம் கொடுத்த தண்டனை இது என்றார். ஊர் கொதித்தது. மறுநாளே மன்னிப்புக் கேட்டார். 

இது நமக்கு அந்நியமான குரல் அல்ல. மணிமேகலையில், கப்பல் கவிழ்ந்து மகனைத் தொலைத்த துயரத்தில் சோழன் இந்திர விழாவை மறக்கிறான். தெய்வத்தின் சாபத்தால் புகார் நகரைக் கடல் கொள்கிறது. 1934 ஜனவரி 15இல் பீகாரை நிலநடுக்கம் சிதைத்தபோது காந்தி தமிழ்நாட்டில் தீண்டாமைக்கு எதிரான பயணத்தில் இருந்தார். ஜனவரி 24 அன்று திருநெல்வேலிக் கூட்டத்தில், தீண்டாமை என்ற பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனையே அது என்று பேசினார். தீண்டாமையை எதிர்ப்பதில் காந்தியோடு முழுமையாக நின்ற தாகூர் இதை ஏற்கவில்லை. இயற்கை நிகழ்ச்சிக்கு இயற்கையில்தான் காரணம் தேட வேண்டும். அறத்தை நிலநடுக்கத்தோடு முடிச்சுப்போட்டால், நாளைக்கு எதிர்த்தரப்பும் அதே நிலநடுக்கத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் என்பது அவர் வாதத்தின் சாரம். காந்தி அந்த மறுப்பைத் தன் 'ஹரிஜன்' இதழிலேயே வெளியிட்டுப் பதிலும் எழுதினார். நான் தாகூர் பக்கம். காசிமேட்டுக் கரையில் 2004இல் இறந்த குழந்தை எந்தப் பாவத்தைச் செய்திருக்கும்?

பேரிடர் நேரத்திலும் ஒழுங்கு குலையாத ஜப்பானிய வரிசைகளை வியந்து எழுதுகிறவர்கள் 1923ஐயும் சேர்த்து எழுத வேண்டும். செப்டம்பர் 1 அன்று காந்தோ நிலநடுக்கத்தில் டோக்கியோவும் யோகோஹாமாவும் எரிந்தன. கொரியர்கள் கிணற்றில் விஷம் கலக்கிறார்கள் என்று வதந்தி பரவி, ஆயிரக்கணக்கான கொரியர்கள் கொல்லப்பட்டார்கள். 2004இல் நம் நாகப்பட்டினம் பக்கத்து முகாம்களில் தலித் குடும்பங்களை ஒதுக்கி வைத்த செய்திகள் வந்தன. பேரிடர் ஒரு சமூகத்துக்குப் புதிய குணத்தைக் கொடுப்பதில்லை. ஏற்கெனவே இருக்கும் குணம் அப்போது வெளியே தெரிகிறது.

ஆனால் மதம் இன்னொரு வேலையையும் செய்கிறது. என் வியப்பு முழுவதும் அதில்தான். ஏன் வந்தது என்பதை விட்டுவிட்டு, எதுவரை வந்தது என்பதை அது குறித்து வைத்துக்கொள்கிறது.

செண்டாய் நகரத்தில் நாமிவாகே என்றொரு சிறிய கோவில் உண்டு. பெயருக்கு 'அலை பிரிந்த இடம்' என்று பொருள். 1611இல் வந்த பேரலை இங்கே இரண்டாகப் பிரிந்து அடங்கியது என்பது ஊர்க்கதை. கடலிலிருந்து அது ஐந்து கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே இருக்கிறது. அவ்வளவு தூரம் கடல் வருமா என்று புதிதாகக் குடிவந்தவர்கள் நினைத்திருப்பார்கள். 2011இல் அலை அந்தக் கோவிலின் திசையில் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் வந்து, நெடுஞ்சாலைக்காகப் போட்ட மண்மேட்டில் முட்டி நின்றது. வடகிழக்குக் கடற்கரையின் பழைய கோவில்கள் பலவும் 2011 அலை ஓய்ந்த எல்லையை ஒட்டியே நின்றதைப் பிறகு ஆய்வாளர்கள் வரைபடத்தில் குறித்துப் பார்த்தார்கள். தெய்வம் காப்பாற்றியது என்று சொல்லலாம். அலையில் தப்பிய இடத்தில் மட்டுமே கோவில் மிஞ்சும், மிஞ்சிய இடத்திலேயே திரும்பவும் கட்டுவார்கள் என்றும் சொல்லலாம். எப்படிச் சொன்னாலும் அந்தக் கோவில் வாசல் ஒரு அளவுகோல்.

மியாகோ நகரத்தைச் சேர்ந்த அனெயோஷி என்ற குக்கிராமம் இன்னும் நேரடியாகச் செய்தது. 1896 அலையில் அந்த ஊரில் தப்பியவர்கள் இரண்டு பேர். மறுபடி கரையோரமே வீடு கட்டினார்கள். 1933 அலையில் தப்பியவர்கள் நான்கு பேர். அதற்குப் பிறகு மலைமேல் குடியேறி, ஏறும் வழியில் ஒரு கல் நட்டார்கள். இந்தக் கல்லுக்குக் கீழே வீடு கட்டாதீர்கள் என்பது அதில் உள்ள செய்தி. 2011இல் அந்தப் பள்ளத்தாக்கில் அலை 40 மீட்டர் உயரத்துக்கு ஏறியது. கல்லை எட்டவில்லை. ஊர் வீடுகளில் ஒன்றும் நனையவில்லை.

எல்லாக் கல்லும் இப்படி வென்றதில்லை. அந்தக் கரையில் நூற்றுக்கணக்கான கற்கள் பாசி பிடித்துக் கிடந்தன. தாரோ என்ற ஊர் கல்லை நம்பாமல் சுவரை நம்பியது. 10 மீட்டர் உயரம், இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். 2011 அலை அதன் தலைக்கு மேலே போனது. ஒகாவா தொடக்கப்பள்ளியில் நெடுநேரம் மைதானத்திலேயே காத்திருந்ததால் 74 பிள்ளைகள் இறந்தார்கள். பக்கத்திலேயே குன்று இருந்தது. வானிலை நிறுவனம் மூன்றே நிமிடத்தில் எச்சரிக்கை கொடுத்தது, ஆனால் மூன்று மீட்டர், ஆறு மீட்டர் என்று குறைத்துச் சொன்னது. அதே கரையில் காமாயிஷி நகரத்துப் பள்ளிப் பிள்ளைகள் ஏறக்குறைய மூவாயிரம் பேரில் சிலரைத் தவிர எல்லோரும் பிழைத்தார்கள். 'தெண்டென்கோ' என்று அந்த வட்டாரத்தில் ஒரு சொல் உண்டு: அவரவர், தனித்தனியாக. அம்மாவைத் தேடாதே, தம்பியைத் தேடாதே, தரை ஆடினால் நீ ஓடு, அவர்களும் ஓடியிருப்பார்கள் என்று நம்பு. கேட்பதற்குக் கல்நெஞ்சாகத் தோன்றும். ஒருவரை ஒருவர் தேடிப் போய்க் குடும்பம் குடும்பமாக அழிந்த ஊர்கள் கற்றுக்கொண்ட பாசம் அது.

இந்தோனேசியாவின் சிமெலுவே தீவும் அதே பாடத்தை வேறு வழியில் வைத்திருந்தது. 1907இல் அங்கே ஒரு பேரலை. அதை 'ஸ்மோங்' என்று பெயரிட்டுத் தாலாட்டிலும் கதையிலும் ஏற்றினார்கள். 2004இல் பிளவு தொடங்கிய இடத்துக்கு மிக அருகில் இருந்தும், எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்களில் அலைக்குப் பலியானவர்கள் ஏழு பேர் என்கிறார்கள். கருவி எதுவும் இல்லை, பாட்டுத்தான்.

நம்மிடம் ஏன் பாட்டு இல்லை? இதற்கு மண்ணே பதில் சொல்கிறது. சன்ரிகு கரைக்கு ஒரு நூற்றாண்டில் மூன்று முறை பேரலை வருகிறது. பாட்டி பார்த்ததைப் பேத்தியும் பார்க்கிறாள். வங்கக் கடலின் கதை வேறு. தாய்லாந்திலும் அச்சேவிலும் கரையோரச் சேற்றைத் தோண்டி, கடல்மணல் படிந்த அடுக்குகளின் வயதைக் கணித்தார்கள். 2004க்கு முந்தைய அதே அளவு பேரலை வந்து ஏறக்குறைய 600, 700 ஆண்டுகள் ஆகின்றன என்று 2008இல் முடிவுகள் வந்தன. இருபத்தைந்து தலைமுறை. வாய்மொழி அவ்வளவு தூரம் தாங்குவது கடினம்.

ஆனாலும் சுவடுகள் இருக்கின்றன. 2004 அலை மாமல்லபுரம் அருகே சாளுவன்குப்பத்தில் மண்ணை அரித்துக் கல்வெட்டுப் பாறைகளை வெளியே காட்டியது. அதைப் பிடித்துக்கொண்டு 2005இல் தொல்லியல் துறை தோண்டியபோது ஒரு முருகன் கோவில் கிடைத்தது. கீழே செங்கல் கோவில், அது அழிந்த பிறகு அதன்மேல் எழுந்த கோவில். அடுக்குகளில் கடல் கொண்டு வந்த மணலும் சிப்பியும். இரண்டு முறை அது கடலால் அழிந்திருக்கலாம் என்பது அகழ்ந்தவர்களின் கருத்து. ஒரு அலை மூடியதை இன்னொரு அலை திறந்து காட்டியிருக்கிறது. 

எங்கள் பக்கத்துத் திருவொற்றியூரின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊழி வெள்ளத்தை இறைவன் ஒற்றி விலகச் செய்த இடம் என்று தலபுராணம் பெயருக்கு விளக்கம் சொல்கிறது. அலை பிரிந்த இடம் என்று செண்டாயில் சொல்கிறார்கள், வெள்ளம் விலகிய இடம் என்று நாம் சொல்கிறோம். இது ஒரு உண்மையான சுனாமியின் நினைவு என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. அப்படிச் சொல்லவும் மாட்டேன். ஆனால் கடலைப் பார்த்துக்கொண்டே வாழ்ந்தவர்கள் தங்கள் தெய்வத்திடம் முதலில் எதைக் கேட்டார்கள் என்பது அந்தப் பெயரில் இருக்கிறது.

கடல் வடசென்னைக்கு மெதுவாகவும் வந்துகொண்டிருந்தது. 1876 வாக்கில் துறைமுகத்தின் தடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீளத் தொடங்கின. நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்காகத் தள்ளிக்கொண்டு போகும். துறைமுகம் அந்த மணலை மறித்தது. தெற்கே தேங்கிய மணல் மெரினாவாக விரிந்தது. வடக்கே மணல் வராமல் போனதால் ராயபுரத்திலிருந்து கடல் ஊரைத் தின்ன ஆரம்பித்தது; ஒரு நூற்றாண்டில் சுமார் அரை கிலோமீட்டர் என்பது ஆய்வாளர் கணக்கு. அதைத் தடுக்கக் கருங்கல் கொட்டிக் கொட்டி நீண்ட சுவரும், கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுகளும் போட்டார்கள். 2004இல் அந்தக் கற்களே அலையின் வேகத்தை ஓரளவு குறைத்தன என்று கடற்கரைப் பொறியாளர்கள் எழுதினார்கள். மெரினாவின் அகன்ற மணலில் நடைப்பயிற்சிக்கும் விளையாட்டுக்கும் போனவர்கள் சிக்கினார்கள். நாகையில் ஆறாயிரத்துக்கும் மேல், தமிழ்நாடு முழுக்கச் சுமார் எட்டாயிரம் என்று நீண்ட பட்டியலில் சென்னையின் பங்கு இருநூற்றுச் சொச்சம். எண்ணிக்கை சிறியது என்று சொல்ல எனக்கு வாய் வராது. கடலோரக் குப்பங்களில் வீடிழந்தவர்கள் திருவொற்றியூர் கார்கில் நகரின் தற்காலிகக் கொட்டகைகளுக்குப் போனார்கள். அந்தக் கொட்டகைகளும் 2005இல் எரிந்தன. 

இறந்தவர்களின் நினைவைத் தாங்குவதில் எங்கள் மூலக்கொத்தளம் சுடுகாடு வடசென்னைக்குப் பெரிய இடம். 1939இல் மொழிக்காக உயிர்விட்ட நடராசனும் தாளமுத்துவும் அங்கேதான் இருக்கிறார்கள். அதன் ஒரு பகுதியில் அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டப் போவதாக 2018இல் செய்தி வந்தபோது பேட்டை பேட்டையாக எதிர்ப்பு எழுந்தது. வீடில்லாதவர்களுக்கு வீடு வேண்டும். இறந்தவர்களுக்கும் இடம் வேண்டும். இரண்டு நியாயங்களும் முட்டிக்கொண்ட அந்த நாட்களில், நினைவு என்பதற்குச் சதுர அடி தேவைப்படுகிறது என்பதை நான் புரிந்துகொண்டேன்.

2011க்குப் பிறகு ஜப்பானில் துறவிகள் நினைவுக்கு இடம் கொடுக்கும் வேலையைத்தான் செய்தார்கள். தாய்யோ கனெதா என்ற சென் பௌத்தத் துறவி, இறந்தவர்களுக்கான 49ஆம் நாளில் ஒரு கிறிஸ்தவப் போதகரோடு சேர்ந்து சிதைந்த கடற்கரையில் ஓதிக்கொண்டே நடந்தார். பிறகு ஒரு சிறிய வண்டியில் காபியும் இனிப்பும் எடுத்துக்கொண்டு முகாம் முகாமாகப் போய் உட்கார்ந்தார். பேச விரும்பியவர்கள் பேசினார்கள், அவர் கேட்டார். யாருக்கும் காரணம் சொல்லவில்லை. 2012இல் தொஹோகு பல்கலைக்கழகம், எந்த மதத்தவராக இருந்தாலும் துயரத்தின் அருகே உட்காரப் பழக்கும் பயிற்சியைத் தொடங்கியது. 

எங்கள் கரையிலும் அந்தக் குணம் இருக்கிறது. ராயப்பர் என்ற பேதுருவின் பெயரைத் தாங்கிய ராயபுரத்தில், கடலில் தொழில் செய்தவர்கள் கட்டிய கோவில் இன்றும் கடலோர மக்களுக்குத் தாய்வீடு. மாசி மகத்தில் சாமிகள் தீர்த்தவாரிக்குக் கடலுக்கு வருகின்றன. ஜப்பானிலும் பல்லக்கில் தெய்வத்தைக் கடற்கரைக்குச் சுமந்து வரும் விழா பல ஊர்களில் உண்டு. ஒவ்வொரு டிசம்பர் 26 காலையிலும் காசிமேட்டில் பெண்கள் கடலில் பால் ஊற்றிப் பூத் தூவுகிறார்கள். கொன்ற கடலுக்கே பால். சோறு போடுவதும் அதே கடல் என்பதால் அதோடு பகை வைத்துக்கொள்ள முடியாது. அந்தப் பாலுக்கு முன் நான் பேச்சற்று நின்றிருக்கிறேன். தேதியை அது மறக்க விடாது. ஆனால் அடுத்த முறை எந்தத் தெரு வழியாக ஓட வேண்டும் என்பதை அது சொல்லாது.

அதைச் சொல்ல இப்போது கருவிகள் இருக்கின்றன. ஐதராபாத்தில் 2007 அக்டோபர் முதல் சுனாமி எச்சரிக்கை மையம் வேலை செய்கிறது. கடலடியில் கிடக்கும் அழுத்தமானிகள் மேலே போகும் தண்ணீரின் எடை மாற்றத்தை உணர்ந்து சொல்கின்றன. 2012 ஏப்ரல் 11 மதியம் சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் பூமி நடுங்கியபோது, சென்னையில் நாற்காலிகள் ஆடின; சில நிமிடங்களில் எச்சரிக்கை வந்தது, துறைமுகம் வேலையை நிறுத்தியது, கரையோர மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேற்கே வந்தார்கள். பேரலை வரவில்லை. அன்று பிளவின் இரு பக்கங்களும் பக்கவாட்டில்தான் நகர்ந்தன. கடல்தளம் பெரிதாக எழும்பவில்லை, அதனால் தண்ணீரும் பெரிதாக எழும்பவில்லை. வீணாக ஓடினோம் என்று சிலர் சலித்துக்கொண்டார்கள். எட்டு ஆண்டுகளுக்கு முன் கட்டில் ஆடியும் புரண்டு படுத்த ஊர், அன்று ஓடியது. அதை நான் வீண் என்று சொல்ல மாட்டேன்.

ஒனகாவா என்ற ஜப்பானியத் துறைமுக ஊரில் 2011இல் உயிர் தப்பிய நடுநிலைப்பள்ளிப் பிள்ளைகள் பணம் திரட்டினார்கள். ஊரின் 21 கடற்கரைக் குடியிருப்புகளிலும், அலை எட்டிய உயரத்துக்கு மேலே ஒவ்வொரு கல் நடுவது என்று முடிவெடுத்தார்கள். முதல் கல் 2013இல். கடைசிக் கல் நட்டபோது 2021 ஆகிவிட்டது. நட்டவர்கள் பிள்ளைகளாக இல்லை. அந்தக் கரையோரச் சாலைகளில் அரசும் பலகை வைத்திருக்கிறது: அலை வந்த பகுதி இங்கே தொடங்குகிறது, இங்கே முடிகிறது என்று.

ராயபுரத்திலும் காசிமேட்டிலும் திருவொற்றியூர்க் குப்பங்களிலும் அன்று தண்ணீரைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எந்த வீட்டுத் திண்ணை வரை, எந்தக் கோவில் படி வரை, எந்த விளக்குக் கம்பம் வரை என்று கைநீட்டிக் காட்டக் கூடியவர்கள். அப்போது நாற்பது வயதாக இருந்தவர்களுக்கு இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. எர்ணாவூரில் 'சுனாமி குடியிருப்பு' என்பது பிள்ளைகளுக்கு ரேஷன் கார்டில் இருக்கும் முகவரி. அந்தப் பெரியவர்களில் ஒருவரையும் அந்தப் பிள்ளைகளில் ஒருவரையும் சேர்த்து நடக்க வைத்து, அவர் கை காட்டும் சுவர்களில் எல்லாம் நீலப் பெயின்டால் ஒரு கோடு போட வேண்டும். கோட்டுக்குப் பக்கத்தில் தேதியும், மேற்கே காட்டும் ஓர் அம்புக்குறியும்.